கிச்சாப் என்ன சாப்பிட்டது

சாயத்தைத் துணியில் வடிகட்டுவது பாக்கியலட்சுமி தானாகக் கண்டுபிடித்த வழி. காப்பிக்கடையில் காப்பி வடிக்கிறார்களே, கம்பி வளையத்தில் தைத்த நீளமான துணிப்பை, அதில் புதிதாக ஒன்று வாங்கி வைத்திருந்தாள். வாரம் ஒருமுறை நீலச் சாயத்தை அதில் ஊற்றி வடித்த பிறகுதான் ரத்தம் தடவிய கண்ணாடித் தகடுகளை முக்குவாள். நாலு வருஷத்துக்கு முன்னால் சாயத்தில் மிதந்த தூசியைப் பார்த்துப் பூச்சி என்று சொல்லி, நோயே இல்லாத ஒரு நாய்க்கு ஒரு மாதம் ஊசி போட வைத்தவள் அவள். அன்றிலிருந்து கிளினிக்கில் அவளுக்குச் சாயப்பூச்சி என்று ஒரு பெயர் உண்டு. முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியும்.

அதனால்தான் அந்த மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை, கிச்சாப் என்ற நாயின் ரத்தத்தில் இருக்கக்கூடாத ஒன்றைப் பார்த்தபோது அவள் யாரையும் கூப்பிடவில்லை. எழுந்து போய்ச் சாயத்தைக் கொட்டினாள். புதுச் சாயத்தை இரண்டு முறை வடித்தாள். புதுத் தகட்டில் ரத்தத்தை இழுத்து, காயவைத்து, முக்கி, கழுவி, மறுபடியும் மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

அது அங்கேயேதான் இருந்தது.

அந்த மிருக வைத்தியக் கிளினிக் மலாக்காவில், சிம்பாங் அம்பாட் கடைவரிசையில், ஒரு டயர்க் கடைக்கும் ஒரு சீன மருந்துக்கடைக்கும் நடுவில் இருந்தது. டயர்க் கடையில் சம்மட்டி விழும்போதெல்லாம் மைக்ராஸ்கோப் மேசை அதிரும். இரண்டு அடிக்கு நடுவில் கிடைக்கும் நேரத்தில் பார்த்துப் பழகியவள் பாக்கியம். இருபத்தெட்டு வயது வரைக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கினாள். பிறகு இந்தக் கிளினிக்கில் தரை கழுவ வந்தாள். தரைக்குப் பிறகு கண்ணாடித் தகடுகளைக் கழுவச் சொன்னார்கள். கழுவுவதற்கு முன்னால் அதில் என்னதான் இருக்கிறது என்று எட்டிப் பார்த்தாள். அந்த எட்டிப் பார்த்ததுதான் பதினைந்து வருஷ வேலையாகிவிட்டது.

பூச்சிகளின் பெயர்களை அவளால் ஆங்கிலத்தில் பார்த்து எழுத முடியும், வாயில் நுழையாது. ஆகவே உருவத்தை வைத்து அவளே பெயர் வைத்திருந்தாள். சிவப்பணுவுக்குள் பியர்ப் பழம் மாதிரி இரண்டு இரண்டாக இருப்பது இரட்டைப் பியர். திட்டாகக் கருத்திருப்பது முசுக்கட்டை. வெள்ளையணுவுக்குள் நீள்வட்டமாகப் படுத்திருப்பது அரிசி. அரிசி உண்ணியால் வரும். உண்ணி இல்லாத நாய் இந்த வட்டாரத்தில் இல்லை என்பதால், அரிசியை வாரம் ஒருமுறையாவது பார்த்துவிடுவாள்.

இது அரிசி இல்லை. அரிசியைவிடப் பெரியது. ஒரு முனை பருத்து, மறுமுனை ஒடுங்கி உள்ளே மடிந்து, முந்திரிப்பருப்பு மாதிரி வளைந்திருந்தது. வெள்ளையணுவின் கருவைச் சுவரோரமாக நெருக்கிவிட்டு நடுவில் படுத்திருந்தது, வீட்டுக்காரனைத் தள்ளிவிட்டுக் கூடத்தில் காலை நீட்டிய விருந்தாளியைப் போல.

ரத்தத்துக்கு உரிய கிச்சாப் வெளியே பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்தான். சோயா கிச்சாப் என்கிற கறுப்புச் சாற்றைக் கொட்டி எடுத்த மாதிரிக் கன்னங்கரேல் என்று இருப்பவன். நாகமுத்துவின் ஐந்து நாய்களில் மூத்தவன். நாகமுத்து செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர், ஐம்பத்திரண்டு வயது, மஸ்ஜித் தானா சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தோட்டத்தின் பழைய லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார். இரண்டு மாதமாகக் கிச்சாப் கொதிக்கிற தாரில் கால் வைப்பவன் மாதிரி நடந்தான். தொடைச் சதை கரைந்துபோயிருந்தது. கண்ணில் பூளை, காய்ச்சல், கழுத்தைக் குனியவே முடியவில்லை. டாக்டர் ராகினி இது அரிசிதான் என்று இரண்டு வாரம் விட்டு இரண்டு ஊசி போட்டார், உண்ணி மருந்து கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

முதல் நாள் வந்தபோது எல்லாரிடமும் கேட்பதைப் பாக்கியம் அவரிடமும் கேட்டாள். வயது, தடுப்பூசி, உண்ணி உண்டா, என்ன சாப்பிடுகிறது. கடைசிக் கேள்விக்கு நாகமுத்து சுவரைப் பார்த்தபடி, சோறு, மீன் தலை என்றார். அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

டாக்டர் ராகினி மலாக்கா டவுனில் வளர்ந்தவர். கை சுத்தம், மனசும் நல்ல மனசு, ஆனால் எப்போதும் அவசரம். பாக்கியம் கூப்பிட்டதும் வந்து, குனிவதற்கு முன்பே, சாயமா அக்கா என்று கேட்டார். பாக்கியம் நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள். ராகினி பார்த்தார். பக்கத்துக் கடையில் சம்மட்டி விழுந்தது. நிற்கும் வரை காத்திருந்து மறுபடி பார்த்தார். தகட்டை நகர்த்தி நகர்த்தி ஐந்து நிமிஷம் பார்த்தார். அவர் ஒரு தகட்டை ஐந்து நிமிஷம் பார்த்ததை அவள் கண்டதில்லை.

"இது என்னக்கா?"

"தெரியல டாக்டர். அரிசி இல்ல."

அன்றே ரத்தம் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்குப் போனது. நாகமுத்துவிடம் ராகினி மறைக்காமல் பேசினார். வலியோடு இழுத்துக்கொண்டிருப்பதற்கு ஒரு எல்லை உண்டு, ஏப்ரல் கடைசி வரைக்கும் பார்ப்போம், அதற்குள் என்னவென்று தெரியாவிட்டால் தூங்க வைக்கிற ஊசி போட்டுவிடலாம் என்றார். நாகமுத்து கிச்சாப்பை மூட்டை தூக்குவது மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு லாரிக்கு நடந்தார்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. சொன்னவன் கிஷன். கிள்ளான்காரன், முப்பது வயது, நாய்களின் ரத்தத்தில் வாழும் ஒட்டுண்ணிகளைத்தான் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறான். போனை ஒலிபெருக்கியில் போட்டு இரண்டு பேரும் கேட்டார்கள். எந்த உயிருக்கும் உள்ளே ஒரு நீளமான எழுத்து வரிசை உண்டு, அதை வாசித்து, தெரிந்த இனங்களின் வரிசைகளோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்போம், இது நீங்கள் சொல்கிற அரிசிக்குத் தூரத்து உறவு, ஆனால் ஒரே குடும்பம் இல்லை, யாரோடும் ஒட்டவில்லை என்றான். இன்னும் நிறைய வேலை இருக்கிறது, இருந்தாலும் இது உலகத்தில் யாரும் எழுதி வைக்காத இனமாக இருக்கலாம் என்று முடித்தான்.

ராகினிக்கு முகமெல்லாம் சிரிப்பு. பாக்கியத்துக்கு வேறு ஒன்று உறுத்தியது. எழுதாமல் இருந்திருக்கலாம், பார்க்காமல் எப்படி இருந்திருப்பார்கள்? பின்கட்டு அலமாரியில் பழைய செருப்புப் பெட்டி ஒன்றில், நன்றாக வந்த தகடுகளைக் கழுவ மனமில்லாமல் சேர்த்து வைத்திருந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாக எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். மூன்று நாள் ஆயிற்று. ஐந்து வருஷத்துக்கு முந்திய தகடு ஒன்றில் முந்திரி இருந்தது. மூன்று வருஷத்துக்கு முந்தியதில் இன்னொன்று. இரண்டிலும் ஓரத்தில் அவள் கையெழுத்திலேயே அரிசி என்று எழுதியிருந்தது.

அவள் அதைத் துடைக்கவில்லை. இரண்டையும் அப்படியே கிஷனுக்கு அனுப்பி, நான் தப்பா எழுதியிருக்கேன் தம்பி, அதையும் உங்க புக்குல போடுங்க என்று செய்தி போட்டாள்.

கிஷன் ஐஸ் பெட்டியோடு கிளம்பி வந்துவிட்டான். பூச்சி என்னவென்று பாதி தெரிந்துவிட்டது, எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் மீதி தெரியும், அது தெரியாமல் மருந்து கொடுத்தால் ஒரு பக்கம் இறைத்துக்கொண்டே மறுபக்கம் தண்ணீர் ஊற்றிய மாதிரி ஆகும் என்றான். மூன்று வாரம் அவனும் பாக்கியமும் லயம் லயமாக அலைந்தார்கள். இலவச உண்ணி மருந்து என்றதும் சனங்கள் நாயைப் பிடித்துக் கொடுத்தார்கள். நாற்பத்தாறு நாய். ஏழு நாயில் முந்திரி இருந்தது.

அந்த ஏழுதான் குழப்பியது. நாகமுத்துவின் ஐந்து நாயும் ஒரே லாரிக்கு அடியில் படுப்பவை, ஒரே உண்ணியைச் சொறிபவை. அதில் கிச்சாப்புக்கு மட்டும்தான் இருந்தது. அடுத்த லயத்தில் நான்கில் ஒன்றுக்கு. அதற்கடுத்ததில் மூன்றில் ஒன்றுக்கு. ஒரு வீட்டுக்கு ஒன்று என்று யாரோ பங்கு வைத்துக் கொடுத்த மாதிரி இருந்தது. உண்ணிகளைப் பிடித்துப் போய் இருநூறுக்கு மேல் நசுக்கிப் பார்த்தான் கிஷன். ஒன்றிலும் இல்லை.

"உண்ணி இல்லன்னா வாய் வழியாதான்க்கா. என்ன சாப்பிடுதுன்னு கேட்டீங்களா?"

கேட்டிருந்தாள். நாற்பத்தாறு தாளிலும் அவள் கையெழுத்தில் அதே பதில். சோறு, மீன் தலை. சோறு, மீன் தலை. அடுக்கி வைத்துப் பார்த்தபோதுதான் அது என்னவோ போல் இருந்தது. சமுத்திரம் கண்ணுக்குத் தெரியாத தோட்டத்தில் இத்தனை மீன் தலை எங்கிருந்து வருகிறது?

அதைக் கேட்க ஒரே ஆள்தான் உண்டு. கடற்கரையோரக் கோலா சுங்கை பாருவிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு லயங்களுக்கு வரும் வேலாயி. மறுநாள் காலையில் சிம்பாங் அம்பாட் முச்சந்தியில் அவளை மறித்து, நாகமுத்து வாரத்துக்கு எவ்வளவு மீன் வாங்குகிறார் என்று கேட்டாள் பாக்கியம். வேலாயி ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அந்த ஆளா? அவரு என்கிட்ட மீன் வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு லா. அந்த லயத்துல ஞாயித்துக்கெழம நான் போறதே இல்ல. எல்லா வீட்லயும் அடுப்புல கறி."

போய்விட்டாள். பாக்கியம் வெயிலில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை. கறி.

கிளினிக்குக்கு வந்ததும் ஏழு நாய்களின் தாள்களை மட்டும் தனியாக எடுத்தாள். ரத்தம் எடுக்கக் காலில் முடி மழிக்கும்போது பழைய தழும்பு இருந்தால் குறித்து வைப்பாள், ஊசி வழுக்கும் என்பதால். ஏழிலும் தழும்பு. முன்காலில், தோளில், மார்பில். ஏழு பேரும் முள்ளுக்கம்பி கிழித்தது என்று சொல்லியிருந்தார்கள். முள்ளுக்கம்பி முதுகைக் கிழிக்கும், வாலைக் கிழிக்கும். ஓடுகிற நாயின் மார்பைக் கீழிருந்து மேலாகக் கிழிப்பது காட்டுப்பன்றியின் கொம்புப்பல். அதுவும் முன்னால் போய்ப் பன்றியின் முகத்துக்கு நேரே நிற்கிற நாயைத்தான் கிழிக்கும். பின்னால் நின்று குரைப்பவற்றுக்கு ஒரு கீறல்கூட இருக்காது.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. இது தெரியாத பிள்ளை அந்தத் தோட்டங்களில் கிடையாது. அவள் தாய்மாமனே ஞாயிற்றுக்கிழமைகளில் பன்றி வேட்டைக்குப் போனவர்தான். லைசன்ஸ் இல்லாத வேட்டை என்பதால் வெளியாளிடம் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். வெளியாள் என்றால் மானேஜர், போலிஸ், வனவிலங்கு இலாகா. கிளினிக்கின் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் தாளும் பேனாவுமாகப் போய் நின்றபோது, அந்த வரிசையில் தானும் சேர்ந்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை. அவர்கள் மீன் தலை என்றார்கள். அவளும் எழுதிக்கொண்டாள்.

ஏப்ரல் முடிய ஒன்பது நாள் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழைய டீச்சட்டையைப் போட்டுக்கொண்டு மோட்டாரை எடுத்தாள்.

லயத்துக்குப் பின்னால் லாரியின் பின்தட்டைக் குழாய்த் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார்கள். நாலைந்து பேர். தண்ணீர் சிவப்பாக ஓடியது. அவளைக் கண்டதும் பேச்சு நின்றது. ரங்கசாமி என்ற குலைவெட்டு ஆள், நாகமுத்துவின் கூட்டாளி, செம்பனை மட்டை ஒன்றை இழுத்து ஒரு சாக்கின் மேல் போட்டார்.

"கிளினிக்கம்மா வந்துட்டாங்க. எல்லாரும் மீன் தலைய எடுத்து வைங்கடா."

ஒருவன் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டான். பாக்கியம் மோட்டாரை நிறுத்தினாள். சாக்கை மூடுவதால் வாடை மூடாது, நானும் இந்த மாதிரி லயத்தில் பிறந்தவள்தான், பன்றியைப் பார்க்க வரவில்லை, கிச்சாப்பைப் பார்க்க வந்தேன் என்றாள்.

கிச்சாப் பின்வாசல் படியில் சாய்ந்திருந்தான். நாகமுத்து அவன் முன்னால் குந்தியிருந்தார். பக்கத்தில் ஈயத் தட்டு. அதில் துண்டு துண்டாக நறுக்கிய இருதயம், இன்னும் ஆவி போகாத சூட்டோடு. நாய்க்குக் குனிய முடியாது என்பதால் ஒவ்வொரு துண்டாக எடுத்து வாயருகே நீட்டிக்கொண்டிருந்தார். குலை ஏற்றி ஏற்றிக் காய்த்துப்போன விரல்கள். பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது மாதிரி, விழுங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த துண்டு.

பாக்கியம் படியில் உட்கார்ந்தாள்.

"எத்தன நாளா அண்ணே இது?"

அவர் அடுத்த துண்டையும் ஊட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார். பன்றியை முதலில் மறிக்கிற நாய்க்கு இருதயத்தில் ஒரு துண்டு கொடுப்பது வழக்கம். அங்கேயே, அறுத்த சூட்டிலேயே. மற்ற நாய்களுக்குக் குடலும் எலும்பும், அதுவும் வீட்டில் வேகவைத்த பிறகு. ஒரு கூட்டத்துக்கு ஒரு முதல் நாய், ஒரு துண்டு. கிச்சாப் படுத்த பிறகு வேட்டைக்கு வருவதில்லை, ஆனாலும் கூட்டாளிகள் அவன் பங்கை எடுத்து வைத்துவிடுகிறார்கள். இப்போது ஒரு துண்டு இல்லை, முழு இருதயமும் அவனுக்குத்தான். வாரா வாரம்.

"பச்சையாவா?"

"வேக வெச்சா சத்து போயிடும்ல தங்கச்சி. இவனுக்கு ரத்தமே இல்லன்னு டாக்டரம்மா சொன்னாங்களே."

 ஒரு வீட்டுக்கு ஒன்று என்று யாரோ பங்கு வைத்துக் கொடுத்த மாதிரி இருந்தது என்று நினைத்தாளே. பங்கு வைத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

தெரிந்ததை அப்படியே சொன்னாள். ரத்தத்தில் ஒரு பூச்சி இருக்கிறது, புதுசு, இதுவரை யாரும் பெயர் வைக்காதது. உண்ணியில் அது இல்லை. முன்னால் போகிற நாய்க்கு மட்டும் வருகிறது. அது இந்தத் தட்டில் இருக்கலாம் என்று நினைக்கிறேன், நிச்சயமாகத் தெரியாது, பார்த்தால்தான் தெரியும். நாகமுத்துவின் கை தட்டுக்கும் நாயின் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது.

ரங்கசாமி அதற்குள் வந்து நின்றார். முப்பது வருஷமாகக் கொடுக்கிறோம், எந்த நாய்க்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். கிச்சாப்புக்கு வந்தது உள்ளடி, பன்றி இடித்ததில் உள்ளே அடிபட்டு வருவது, நல்ல முதல் நாய்க்கெல்லாம் கடைசியில் உள்ளடி வரும், அது ஒன்றும் புதுசு இல்லை என்றார்.

"நல்லது மாமா. முப்பது வருஷத்துல முதல் நாய் எதாச்சும் எட்டு வயசு தாண்டுச்சா?"

ரங்கசாமி விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார்.  மற்றவர்கள் தங்களுக்குள் செத்த நாய்களின் பெயர்களை முணுமுணுத்தார்கள். போலிஸ், ஆறு வயசு. பாக்சர், ஐந்து. ராக்கெட், ஏழு இருக்கும், கால் நடக்காமல்தான் போனான். ஒவ்வொன்றும் சதை கரைந்து, தாரில் நடப்பது மாதிரி நடந்து போனதுதான். எல்லாவற்றுக்கும் உள்ளடி என்றுதான் சொல்லிப் புதைத்தார்கள். பின்னால் குரைத்துக்கொண்டிருந்த நாய்கள் பதின்மூன்று, பதினான்கு வயசு வரை சோறு தின்றுகொண்டு திரிந்தன.

"அப்ப நானாவா குடுத்தேன்?" என்றார் நாகமுத்து. யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

 ஆமாம் என்று சொல்லப் பாக்கியத்திடம் இன்னும் அத்தாட்சி இல்லை. தனக்கு ஒரு முழு இருதயம் வேண்டும், ஐஸில் வைத்தது, ஆள் பெயர் வேண்டாம், இடமும் வேண்டாம் என்றாள். உடனே ரங்கசாமி மறித்தார். இருதயம் போனால் தாள் போகும், தாள் போனால் எந்தத் தோட்டம், யார் சுட்டது என்று கேள்வி வரும், பெர்ஹிலித்தான் என்கிற வனவிலங்கு இலாகா ஆபீஸர்கள் வந்து நின்றால் லாரியைத்தான் முதலில் பிடிப்பார்கள். லாரி காண்டிராக்டருடையது, அது போனால் நாகமுத்து சோற்றுக்கு என்ன செய்வார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பது பாக்கியத்துக்குத் தெரியும். அவள் எழுந்து மோட்டாரை எடுத்தாள்.

திரும்பிப் பார்த்தபோது நாகமுத்து தட்டைத் தூக்கி உயரத்தில் வைத்துவிட்டிருந்தார். கிச்சாப் தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரம் முழுக்க அவள் டாக்டரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் ராகினி கிஷனிடம் சொல்வார், கிஷன் ஆர்வத்தில் யாரிடமாவது சொல்வான். காட்டுப்பன்றி என்று ஒருமுறை எழுதிவிட்டால் அழிக்க முடியாது. ஆனால் சொல்லாமல் ஒவ்வொரு நாளும் போகப் போக ஏப்ரல் தேய்ந்தது. வியாழக்கிழமை ராகினி அந்தத் தூங்க வைக்கிற ஊசி மருந்து கைவசம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இருந்தது. அவள் அலமாரியை மூடிவிட்டுத் தகடு கழுவப் போனாள்.

திங்கட்கிழமை காலை கிளினிக்கைத் திறக்க வந்தபோது, கம்பிக்கதவில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே ஐஸ்கிரீம் டப்பா, சுற்றிலும் ஐஸ்கட்டி. மூடியில் பேனாவால் மீன் தலை என்று எழுதியிருந்தது.

அவள் சிரித்துவிட்டாள். பிறகு கை உறை போட்டுக்கொண்டாள்.

சதையை மெல்லிய நாராகச் சீவி, இரண்டு தகட்டுக்கு நடுவில் வைத்து அழுத்தி, லென்ஸின் கீழ் வைத்தாள். ஒன்பது தகட்டில் சதைதான். பத்தாவதில் நார்களுக்கு நடுவே உருண்டையாக ஒன்று, குறுக்கே வெட்டிய சின்ன வெங்காயம் மாதிரி வளையம் வளையமாக. அதன் நடுவில் சுருண்டு படுத்திருந்தன, குட்டி முந்திரிகள். இரண்டு. டயர்க் கடையில் சம்மட்டி விழுந்து உருவம் நடுங்கியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். நடுக்கம் நின்றது. அவை அங்கேயே இருந்தன.

ராகினி டப்பாவைப் பார்த்து, யார் வைத்தது என்று கேட்டார். கதவில் தொங்கியது டாக்டர் என்றாள் பாக்கியம். ராகினி மூடியில் எழுதியிருந்ததைப் படித்தார், அவள் முகத்தைப் பார்த்தார், மேலே கேட்கவில்லை. லென்ஸில் குனிந்து நெடுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்ததும், ஊசி மருந்தை உள்ளே வைத்துப் பூட்டச் சொன்னார்.

கிஷன் ஆய்வுக்கூடத்தில் எழுத்து வரிசையை வாசித்தான். பன்றியின் சதையில் இருந்ததும் கிச்சாப்பின் ரத்தத்தில் இருந்ததும் ஒன்றே. ஆனால் கதவில் தொங்கிய டப்பாவை ஆராய்ச்சிக் கட்டுரையில் எழுத முடியாது என்றான். எங்கே தேடவேண்டும் என்று அது காட்டிவிட்டது, அது போதும், இனி முறைப்படி லைசன்ஸ் உள்ள வேட்டைக்காரர்களிடம் இலாகா அனுமதியோடு வாங்கிக்கொள்கிறேன் என்றான். வாங்கினான். பத்தொன்பது இருதயத்தில் நான்கில் வெங்காயம் இருந்தது. லாரியும் லயமும் எந்தத் தாளிலும் ஏறவில்லை. பாக்கியத்தின் இரண்டு பழைய தகடுகள் ஏறின, தப்பாக எழுதிய அரிசியோடு.

பெயர் வைக்க இன்னும் ஒரு வருஷமாவது ஆகும், நாலு பேர் சரிபார்க்கவேண்டும் என்றான் கிஷன். அதுவரை கிளினிக்கில் அதன் பெயர் முந்திரி. ராகினியே அப்படித்தான் சொன்னார்.

கிச்சாப்புக்கு மருந்து மாறியது. நாளுக்கு இரண்டு மாத்திரை, மாதக்கணக்கில், வலிக்குத் தனியாக. அதைவிட முக்கியமாக, தட்டு மாறியது. மே மாதம் முழுக்க ஒன்றும் தெரியவில்லை. ஜூனில் கழுத்தைக் குனிந்து தண்ணீர் குடித்தான். தொடையில் போன சதை முழுசாகத் திரும்பாது என்று ராகினி முன்பே சொல்லிவிட்டார். பன்றிக்கு முன்னால் இனி அவன் நிற்கமாட்டான். மற்ற ஆறில் இரண்டு நாய் அதற்குள் இறந்துவிட்டன.

ஜூலையில் ஒரு புதன்கிழமை நாகமுத்து வந்தார். கிச்சாப் தோளில் வரவில்லை. லாரிப் படியில் ஒருமுறை தவறி, மறுபடி காலை ஊன்றி, தானே இறங்கினான். பாக்கியம் ரத்தம் எடுத்தாள், புதுத் தாள் எடுத்தாள், எல்லாரிடமும் கேட்பதைக் கேட்டாள். வயது. உண்ணி. என்ன சாப்பிடுகிறது.

நாகமுத்து இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை.

"வேக வெச்சது."

"என்ன வேக வெச்சது அண்ணே?"

"அதான் தங்கச்சி. வேக வெச்சது."

அவள் அப்படியே எழுதிக்கொண்டாள். காட்டிலேயே சட்டி வைத்து வேகவைக்கச் சொல்லி நாகமுத்து அடம்பிடிப்பதாகவும், ரங்கசாமி இது வேட்டையா கல்யாண வீடா என்று ஏசிக்கொண்டே விறகு பொறுக்குவதாகவும் வேலாயி சொல்லி அவளுக்கு முன்பே தெரியும். இப்போது முன்னால் ஓடுகிற நாய்க்கும் சூடு ஆறிய பிறகுதான் பங்காம்.

தகட்டை முக்கி எடுத்துப் பார்க்க உட்கார்ந்தாள். மார்ச்சில் பார்த்த இடத்திலெல்லாம் ஒன்று இருந்தது. இன்று வரிசை வரிசையாக, உழுத காட்டில் கிழங்கு பொறுக்குவது மாதிரி, தகட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போனாள். ஒரே ஒரு முந்திரி. அதுவும் வெளிறி, ஓரம் பிய்ந்து கிடந்தது. நாகமுத்துவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் ஒரு கண்ணை மூடத் தெரியாமல் இரண்டு கண்ணையும் சுருக்கிப் பார்த்தார். இதுவா, இத்துனூண்டா என்றார்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாக்கியத்துக்கு அது தோன்றியது. நாய்க்குப் பன்றியிடமிருந்து வந்தது. சரி. பன்றிக்கு எங்கிருந்து வந்தது? பன்றி பன்றியைத் தின்று அவள் கேள்விப்பட்டதில்லை. பன்றியின் தோலிலும் உண்ணி உண்டு, நாயின் உண்ணி மாதிரி இருக்காது, தடிப்பாக, பழுப்பாக. அதை யாராவது பார்த்திருக்கிறார்களா? கிஷனிடம் கேட்கவேண்டும். கிஷனுக்கு முன்னால் தானே ஒன்றைப் பிளந்து பார்த்துவிட வேண்டும்.

"அண்ணே, அடுத்த தடவ பன்னி மேல உண்ணி இருந்தா நாலஞ்சு புடிச்சுட்டு வர முடியுமா?"

நாகமுத்து லென்ஸிலிருந்து தலையை எடுத்தார். 

"உண்ணிக்கு லைசன்ஸ் வேணுமா தங்கச்சி?"

தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றாள் பாக்கியம். அலமாரியைத் திறந்து மூடியுள்ள ஒரு சின்னக் குப்பியைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.